குத்தாமல் விட்ட சிவப்பு முத்திரை

அத்தியாயம் 14

கோபத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தப்பு யார் மேல் என்று யோசிக்க வேண்டியதில்லை. அது முதலிலேயே முடிவாகிவிடும், காரணங்கள் மட்டும் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

பெரியவளுக்கு முந்தாநாள் அப்படித்தான் முடிவானது. குளியலறை வாசலில் கால் மடிந்து விழுந்த அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறுகிறது என்று டாக்டர் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். "சிறுநீரகம் ஏற்கெனவே வீக்கா இருக்கு. அதுல என்னத்தைச் சாப்பிட்டார்?" என்று அவர் கேட்டார். பெரியவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். பார்த்ததோடு விட்டாளா?

"ஜூஸ் ஜூஸ்னு ஊத்தியே அப்பாவக் கொல்லப் பாத்தியேடி!"

எட்டுக் கட்டில் போட்ட வார்டு. எட்டுக் கட்டில்காரர்களும், அவர்களைப் பார்க்க வந்தவர்களும், ஊசி எடுத்து வந்த நர்ஸும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பேசாமல் போனதையே பெரியவள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள்.

இன்று மதியம் அப்பாவுக்கு டிஸ்சார்ஜ்.

அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்துக் கடைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் இருக்கிறது நோயாளிகள் நூலகம். பெரியவளுக்கு அங்கே பன்னிரண்டு வருஷ வேலை. ஏழு அலமாரி, நான்கு நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர். கதைப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. 'சர்க்கரை நோய்: முதல் வாரம்', 'மார்பில் கட்டியா? டாக்டரிடம் கேட்க வேண்டியவை', 'ஆபரேஷனுக்கு முந்தைய நாள்' என்று நோய்க்கு ஒரு தகவல் தாள். மேலே டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதில் பாதி புரியாமல் கீழே இறங்கி வருகிறவர்களுக்கு மீதிப் பாதியை இங்கே கொடுப்பார்கள்.

காலையில் முதல் ஆளாக ஒரு லாரி டிரைவர் வந்து, வீடியோ ஓடும் போனை நீட்டினார். அவர் மனைவிக்குத் தைராய்டு.

"மேடம், இதுல மாத்திரைய நிறுத்திட்டு விதை தின்னாப் போதும்ங்கறாங்க. சரியா?"

"பேசுறது யாரு?"

"டாக்டர்தான்."

"எந்த டாக்டர்? பேர் போட்டிருக்கா?"

"பேர் இல்ல. வெள்ளைக் கோட்டு போட்டிருக்கார்."

"கோட்டு நானும் போடுவேன். தையல்கடையில அளவு குடுத்தா நாளைக்கே தைச்சுத் தருவாங்க." பெரியவள் போனை அவர் பக்கமே தள்ளினாள். "யாரு எழுதினது? யாரு சரிபார்த்தது? எப்ப? இந்த மூணுக்கும் பதில் இல்லேன்னா அது உங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது."

தைராய்டு தாளை உருவி, கீழ் ஓரத்தைக் காட்டினாள். எழுதிய டாக்டர் பெயர், சரிபார்த்தவர் பெயர், தேதி, பக்கத்தில் வட்டமாக நீல முத்திரை.

"மாத்திரைய நிறுத்துறதா வேண்டாமான்னு நான் சொல்லக் கூடாது, அத டாக்டர்தான் சொல்லணும். ஆனா நீல முத்திரை இருந்தா படிச்சத நம்புங்க. இல்லேன்னா குப்பையில போடுங்க."

மற்ற நாளாக இருந்தால் கொஞ்சம் சிரித்திருப்பாள். இன்று அவள் திட்டியது அந்த வீடியோவை இல்லை, தங்கையை. சின்னவள் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறவள். வகுப்பு முடிந்ததும் இலைதழை அரைத்த பச்சை ஜூஸ் ஒரு டம்ளர் கொடுப்பாள். அதனால் பெரியவள் அவளுக்கு வைத்த பெயர் 'ஜூஸ்'. சின்னவளும் சும்மா இருக்கவில்லை, அக்காவுக்கு 'முத்திரை' என்று பெயர் வைத்தாள். இரண்டும் ஒரு காலத்தில் செல்லப் பெயர்கள்தான்.

பத்தரை மணிக்கு நூலகக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

சின்னவள். ஒரு கையில் மிக்ஸி, இன்னொரு கையில் ஒரு தாள். மிக்ஸியை மேஜை மேல் வைத்த வேகத்தில் பேனா டப்பா சாய்ந்தது.

"மிக்ஸிய எடுக்கத்தான் அப்பா வீட்டுக்குப் போனேன். கொலைகாரியோட ஆயுதம் அங்க எதுக்குன்னு எடுத்துட்டு வந்தேன். தொட்டுப் பாரு."

"ஏண்டி, இது ஆஸ்பத்திரி. மெதுவா பேசு."

"தொட்டுப் பாருங்கறேன்ல!"

பெரியவள் தொட்டாள். விரலில் தூசி ஒட்டியது, ஒரு நாள் தூசி இல்லை.

"சிறுநீரகம் வீக்குன்னு நீ சொன்னியே, அன்னைக்கே ஜூஸ நிறுத்திட்டேன். பத்து மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உனக்குக் கேக்குற பழக்கம் இல்ல, உனக்குச் சொல்ற பழக்கம்தான்."

"அப்போ அப்பா ஏன் டாக்டர்கிட்ட ஜூஸ்னு சொன்னார்? நேத்து கேஸ் ஷீட்ல எழுதியிருக்கே."

"அத அவர்கிட்டயே கேளு. இது அடுப்புக்கு மேல ஒட்டியிருந்துச்சு."

தாளை மேஜையில் அறைந்தாள்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தாள். நான்கு மூலையிலும் பழுப்பு டேப். தலைப்பு: 'ரத்தக் கொதிப்பு: உப்பைக் குறைப்பது எப்படி?' ஐந்தாவது வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அப்பா போட்ட கோடு. 'சாதாரண உப்புக்குப் பதிலாக, கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த மாற்று உப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.'

கீழ் ஓரத்தில் பளிச்சென்று நீல முத்திரை.

"சமையலறையில ரெண்டு பாக்கெட் மாற்று உப்பு. ஒண்ணு காலி, ஒண்ணு பாதி. பாக்கெட்டத் திருப்பிப் படிச்சேன். பொட்டாசியம் குளோரைடுன்னு போட்டிருக்கு. ஜூஸ் போடுறவளுக்கு அவ்வளவு படிக்கத் தெரியும்."

பெரியவளுக்கு அதைப் படிக்கவே தேவையில்லை. மாற்று உப்பில் சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்ப்பார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது வெளியேறிவிடும். பலவீனமான சிறுநீரகத்துக்கு முடியாது, உள்ளேயே தங்கி ஏறும். இதே காரணத்துக்காகத்தான் நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தத் தாளையே மாற்றினார்கள். புதுத் தாளில் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் 'சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாற்று உப்பைச் சேர்க்கக் கூடாது' என்று இருக்கிறது. அந்தக் கட்டத்தை எங்கே போடலாம் என்று டாக்டர்களோடு உட்கார்ந்து பேசியவளே இவள்தான்.

அப்போதும் அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"பழைய தாள் அப்பாகிட்ட எப்படிப் போச்சு? யாரு குடுத்தது? நீ எப்பவாவது இங்கருந்து எடுத்துட்டுப் போனியா?"

சின்னவள் சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை.

"திருப்பிப் பாரு."

பின்பக்கம் அப்பாவின் மணி மணியான கையெழுத்து. 'ஐயா, எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து பதினோரு நாட்களாகியும்...'

அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, தெருவின் குறைகளுக்கெல்லாம் மனு எழுதுவதையே வேலையாக வைத்திருப்பவர். தெருவில் அவரை 'மனு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மனுவை ஆறு தடவை எழுதித் திருத்துவார். அதற்கு வெள்ளைத்தாளை வீணடிக்க மாட்டார். "ஒரு பக்கம் காலியா இருக்குற தாள் இருந்தா கொண்டு வாம்மா," என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

பெரியவள் கொண்டு போய்க் கொடுத்தாள்.

ஒரு தாளை நீக்கினால் நூலகத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பிரதியிலும் குறுக்காகச் சிவப்பு மையில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். பிறகு தாள் கிழிக்கும் எந்திரத்தில் போட வேண்டும். பிறகு பதிவேட்டில் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய தாளை நீக்கிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவப்பு மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. எந்திரம் பழுதாகி மூன்று வாரம். கையில் இருநூற்று அறுபது தாள், பின்பக்கம் எல்லாம் வெள்ளை வெளேரென்று. அப்பாவுக்கு ஆகும் என்று பையில் போட்டுக்கொண்டாள். பதிவேட்டில் மட்டும் முறை தவறவில்லை. '260 தாள்கள் அழிக்கப்பட்டன' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

பின்பக்கத்தில் எழுதுகிறவர் முன்பக்கத்தைப் படிப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குப் போனில் வருவது எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. மகள் முத்திரை போட்ட தாள் என்றால் வேதவாக்கு.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரியவள் அந்த நிமிஷம் தன்னையே பார்த்தாள். காது மடல் சுட்டது. தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

"நான்தான்," என்றாள்.

"தெரியும். ஆனா அத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" சின்னவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "நீ கத்தினியே, அந்தக் கடைசிக் கட்டில்ல இருக்கறவ யாரு தெரியுமா? என் வகுப்புக்கு வர்றவளோட அக்கா. நேத்து காலையில வகுப்புக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? ரெண்டே பேர். இன்னைக்கு நான் மட்டும் போய் விளக்கப் போட்டு உக்காந்துட்டு வந்தேன்."

பெரியவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் 'சற்று நேரத்தில் வருகிறேன்' பலகையைத் தொங்கவிட்டாள்.

மூன்றாவது மாடி வார்டில் அப்பா சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, தலை வாரி, கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். சின்னவள் உள்ளே வரவில்லை. திரைக்கு வெளியே நின்றுவிட்டாள்.

பெரியவள் தாளைக் காட்டினாள். அப்பா அதைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"மடிச்சு உள்ள வை."

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்து டாக்டர் வரிசையா கேட்டார். பழச்சாறு குடிச்சீங்களா, மாற்று உப்பு சேர்த்தீங்களான்னு. உப்புன்னதுமே விளங்கிடுச்சு. தாள் எங்கருந்து வந்துச்சுன்னும் விளங்கிடுச்சு."

"பின்ன ஏன் ஜூஸ்னு சொன்னீங்க?"

"நீதான் முந்தின நாளே ஊரைக் கூட்டிட்டியே. அது அப்படியே இருக்கட்டும்னு விட்டேன்." குரலை இன்னும் தாழ்த்தினார். "இங்க பாரு. சின்னவள நாலு நாள் பேசுவாங்க, அஞ்சாம் நாள் மறந்துடுவாங்க. உனக்கு அப்படியா? கையெழுத்துப் போட்டிருக்க. வேலையே போயிடும். உப்ப நான் வீட்டுக்குப் போனதும் கொட்டிடுறேன். தாளக் கிழிச்சுப் போடு. முடிஞ்சுது."

பொய் சொல்லக் கூடாது. அந்த ஒரு நிமிஷம் பெரியவளுக்கு அந்த யோசனை இனித்தது. பன்னிரண்டு வருஷ வேலை. அப்பா பிழைத்துவிட்டார். உப்பையும் கொட்டிவிடப் போகிறார். தாளைப் பிடித்திருந்த விரல்கள் தானாகவே அதை மடிக்க ஆரம்பித்தன.

திரை கிழிகிற மாதிரி விலகியது.

"நாலு நாளா?" என்றாள் சின்னவள்.

அப்பா திடுக்கிட்டார். "நீ எப்பம்மா வந்த?"

"நான் எப்பவுமே வெளியிலதான நின்னுட்டிருக்கேன்! அவ கண்ணாடிய உடைச்சா, நான் முழங்கால் போடணும். அவ பரீட்சைக்குப் படிச்சா, நான் வாயைப் பொத்திக்கிட்டு நடக்கணும். இப்ப அவ உங்களுக்குத் தப்புத் தாளக் குடுப்பா, நான் கொலைகாரின்னு பேர் வாங்கணும். அவளுக்கு இருக்கறது வேலை, எனக்கு இருக்கறது பொழுதுபோக்கா அப்பா?"

"மெதுவா பேசும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"அவ கத்தினப்போ இந்த வார்டுக்குக் காது இல்லாமப் போச்சா?"

அப்பா பெரியவளைப் பார்த்தார், நீயாவது சொல் என்கிற மாதிரி. பெரியவளுக்கு வந்தது அவர் மேல்தான் கோபம். தன் மேல் இருந்த கோபத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

"என்னக் காப்பாத்துறேன்னு யாரைப்பா பலி குடுக்கறீங்க? நான் கேட்டேனா?" மடித்த தாளைப் பிரித்தாள். பிரித்தபோதுதான் அது உறைத்தது. "மீதித் தாள் எங்க?"

"எந்த மீதி?"

"இருநூத்தி அறுபது குடுத்தேன். ஒண்ணு இங்க இருக்கு. மீதி?"

"எழுதிப் பாத்துக் கிழிச்சதுல நிறையப் போச்சு. மிச்சம் வீட்ல கட்டா இருக்கு." அப்பா கொஞ்சம் தயங்கினார். "போன மாசம் தண்ணிக் குழாய் மனுவ ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு ஒண்ணு குடுத்தேன். எல்லாரும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்ல."

"இதுல எடுத்தீங்களா? இந்தத் தாளோட பின்பக்கத்துல?"

"பளபளன்னு நல்ல தாள். ஏன் வீணாக்கணும்னு..." அவர் பேச்சு பாதியில் நின்றது. முகம் மாறியது. நாற்பது வருஷம் வீடு வீடாகத் தாள் கொடுத்த மனிதர், தான் எதைக் கொடுத்தோம் என்று இப்போதுதான் கணக்குப் பார்த்தார்.

"எத்தனை வீடுப்பா?"

"நாப்பத்திரண்டு." உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "சும்மாவும் குடுக்கல. முன்பக்கமும் படிங்க, என் பொண்ணு ஆஸ்பத்திரித் தாள், அவ முத்திரை இருக்கு, பத்திரமா வெச்சுக்கோங்கன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன்."

எதிர்க் கட்டில்காரர் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். கையில் டிஸ்சார்ஜ் தாள். வாயில் சிரிப்பு.

"என்ன மனு சார், கிளம்பலாமா? ரிப்போர்ட்ல பொட்டாசியம் இறங்கிடுச்சு. ஜூஸ் விஷயத்துல மட்டும் உங்க சின்னப் பொண்ணு கொஞ்சம் கவனமா..."

"ஜூஸ் இல்ல டாக்டர்," என்றாள் பெரியவள்.

"என்ன?"

"மாற்று உப்பு. நம்ம நூலகத்துப் பழைய தாளப் பாத்துச் சேர்த்திருக்கார். அழிச்சுட்டேன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டு நான்தான் அத வீட்டுக்குக் கொண்டு போனேன். தங்கச்சி மேல தப்பு இல்ல."

"கேக்கல," என்றாள் சின்னவள்.

பெரியவள் திரும்பினாள்.

"டாக்டருக்குக் கேட்டுச்சு. கடைசிக் கட்டிலுக்குக் கேக்கல. அன்னைக்குக் கத்தினியே ஒரு சத்தம், அதே சத்தத்துல சொல்லு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வார்டின் நடுவில் போய் நின்றாள். நூலகத்தில் பன்னிரண்டு வருஷமாக 'மெதுவாகப் பேசவும்' பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள்.

"எல்லாரும் கேளுங்க! என் தங்கச்சி அப்பாவுக்கு ஜூஸ் குடுக்கல! பத்து மாசமா ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல! அப்பா விழுந்தது என்னால! நான் குடுத்த தப்பான தாளால! அவ மேல நான் சொன்னது அத்தனையும் பொய்!"

குரல் கடைசியில் கிறீச்சிட்டது. கடைசிக் கட்டில் பெண் எழுந்து உட்கார்ந்து சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணைத் துடைப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

டாக்டரிடம் இப்போது சிரிப்பு இல்லை.

"எத்தனை தாள் வெளியில இருக்கு?"

"நாப்பத்திரண்டு. அப்பா தெருவுல."

"முத்திரையோட?"

"முத்திரையோட."

"உங்ககிட்டயிருந்து இத எதிர்பார்க்கல." அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. "கேஸ் ஷீட்ட நான் மாத்தி எழுதணும். கண்காணிப்பாளர்கிட்டயும் சொல்லியாகணும். மூணு மணிக்கு அவர் ரூமுக்கு வாங்க, ரிஜிஸ்டரோட. அதுக்கு முன்னாடி அந்தத் தாள் அத்தனையும் திரும்பி வரணும். யாராவது அந்த உப்பச் சாப்பிட்டுட்டு உடம்பு தளர்ந்தா, காலு வலுவில்லாமப் போனா, ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க. நேரா இங்க."

அப்பாவை வார்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் இறங்கினார்கள். சின்னவளிடம் ஸ்கூட்டர் இருந்தது. பெரியவள் பின்னால் உட்கார்ந்தாள்.

"உனக்காக வரல," என்றாள் சின்னவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "என்கிட்ட எதுவும் பேசாத."

"சரி."

"சரின்னுகூடச் சொல்லாத."

மத்தியான வெயிலில் தெரு காலியாக இருந்தது. பெரியவள் இடது பக்கம், சின்னவள் வலது பக்கம் என்று வாயால் பேசாமல் கையாலேயே பிரித்துக்கொண்டார்கள். முதல் வீட்டில் தாளைச் சுருட்டி டப்பாவுக்கு மூடி செய்திருந்தார்கள். அதை வாங்கியபோது பெரியவளுக்கு மூச்சு வந்தது. இரண்டாவது வீட்டில் பைலில் போட்டு வைத்திருந்த மனிதர் தர மறுத்தார். "மனு குடுத்தா பதில் வரணும். மனுவையே திருப்பிக் கேக்கறது என்ன நியாயம்?" என்று சட்டம் பேசினார். மூன்றாவது வீட்டில் குழந்தை அதில் கப்பல் வரைந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அவள் அதே வாக்கியத்தைச் சொன்னாள். இந்தத் தாள் தப்பு, மாற்று உப்பு சேர்த்தா நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க, தப்பு என்னோடது. மூன்றாவது வாசலில் சொன்னபோது அது முதல் வாசலில் சொன்னதைவிடச் சுலபமாக இல்லை. ஆறாவது வாசலில் இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்த அம்மாள் கோபப்படாமல், "பரவால்லம்மா, மனுஷங்கதானே," என்று தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு மணிக்கு இரண்டு பேர் கையிலும் சேர்த்து இருபத்தெட்டு தாள். தெருமுனையில் சின்னவள் தன் கட்டை நீட்டினாள். பெரியவள் எண்ணி வாங்கினாள். விரல்கள் பட்டுக்கொண்டன. சின்னவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், ஆனால் அடுத்த வீட்டுக்குத் தனியாகப் போகாமல் அக்காவோடேயே வந்தாள்.

பச்சைக் கேட் போட்ட வீடு. மணி அடித்ததும் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே திறந்தாள்.

"மனு சார் பொண்ணுங்கதான நீங்க? சார் எப்படி இருக்கார்? விழுந்துட்டார்னு சொன்னாங்களே."

"நல்லா இருக்கார்ங்க. அவர் குடுத்த தாள்..."

"ஆமா, முத்திரை போட்ட தாளு! பத்திரமா வெச்சிருக்கேன்." அந்தப் பெண் முகம் மலர்ந்தது. பெரியவளைக் கூர்ந்து பார்த்தாள். "ஆஸ்பத்திரியில இருக்கறது நீங்கதானே? கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி வந்தீங்க. எங்க வீட்டுக்காரருக்கு இருபது வருஷமா சர்க்கரை, கொதிப்பு ரெண்டும் இருக்கு. தாள்ல போட்ட மாதிரியே உப்ப மாத்திட்டேன், ஒரு நாள் தவறல. ரெண்டு நாளா கால்ல பலமே இல்லைங்கறார். எழுந்து நிக்க முடியல. தாள எடுத்து முழுசாப் படிச்சுப் பாத்தேன், கால் பத்தி ஒண்ணுமே போடல. அப்போ பயப்பட ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டேன். சரிதானே?"

பெரியவளின் பக்கத்தில் சின்னவள் அதற்குள் போனைக் காதில் வைத்து ஆம்புலன்ஸுக்கு வீட்டு நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவளின் இன்னொரு கை அக்காவின் முதுகில் இருந்தது. தாங்கியதா, தள்ளியதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா. சரியில்ல. தாள் தப்பு. அவர் எங்க?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உள் அறையிலிருந்து ஒரு குரல், குழறலாக, ஆனால் நிம்மதியாகக் கேட்டது.

"யாரு, அந்த முத்திரைப் பொண்ணா வந்திருக்கு? உள்ள வரச் சொல்லு. அவங்க சொன்னாச் சரியா இருக்கும்."